பேர் வெட்டிய குடம்

எங்கள் தீவு ஊரான ஹட் பேயில் மியூசியம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டபோது நாங்கள் முதலில் சிரித்தோம். கப்பல் ஒழுங்காக வராத ஊரில், கப்பல் வராவிட்டால் தக்காளியும் வராத ஊரில், மியூசியம் மட்டும் வந்து என்ன செய்யும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டோம். அப்புறம் ஜெட்டி ரோட்டில் இருந்த பழைய கொப்பரைக் கிட்டங்கிக்குத் தகரம் மாற்றினார்கள், வெள்ளையடித்தார்கள், டியூப்லைட் போட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் உமா மகேஸ்வரி கமிட்டிக்குச் செயலாளர் ஆனார். அதோடு சிரிப்பு நின்றுவிட்டது. உமா டீச்சர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். சொட்டு மருந்துக்குப் பயந்து பாக்குத் தோப்புக்குள் ஓடி ஒளிந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர்.

திறப்பு விழாவை டிசம்பர் இருபத்தாறாம் தேதி வைத்தார்கள். அந்தத் தேதிக்கு எங்கள் ஊரில் சுனாமி தவிர வேறு அர்த்தம் கிடையாது. வருஷா வருஷம் நினைவுத் தூணுக்கு மாலை போடுவார்கள், ஆபீசர் ஒருவர் ஹிந்தியில் பேசுவார், நாங்கள் வெயிலில் நிற்போம். இந்தத் தடவை டீச்சர் வேறு மாதிரி யோசித்தார். சுனாமித் தண்ணீர் வடிந்த பிறகு சேற்றில் கிடந்த சாமான் எது யாருடையது என்று பார்க்க எங்களில் யாருக்கும் தெம்பு இருக்கவில்லை. கையில் அகப்பட்ட சட்டியில் கஞ்சி காய்ச்சினோம். அகப்பட்ட சட்டையைப் பிள்ளைக்கு மாட்டினோம். அரசாங்கம் தகரத்தில் போட்டுக்கொடுத்த டின் ஷெல்டரில் கிடந்த காலத்தில் ஒவ்வொரு குடும்பத்திடமும் அடுத்தவர் வீட்டுச் சாமான் ஏதாவது ஒன்று இருந்தது. அதில் பாதி இன்னமும் இருக்கிறது. யாரும் வெளியில் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

"தண்ணி நம்மகிட்டருந்து எடுத்துக்கிட்டதைத்தான் எல்லாரும் பேசறோம். தண்ணி கையில குடுத்துட்டுப் போனதையும் கொண்டாங்க. திருட்டுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு" என்று டீச்சர் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். எங்களுக்குத் தமிழில், பெங்காலி, தெலுங்கு வீடுகளில் ஹிந்தியில்.

எல்லோரும் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுக்க ஒப்புக்கொண்டோம். ராஜகுமாரி மட்டும் வாசலைக் காட்டிவிட்டாள்.

ராஜகுமாரியின் வீட்டில் இருந்தது ஒரு எவர்சில்வர் குடம். நல்ல கனமான பழைய காலத்துக் குடம். கழுத்துக்குக் கீழே புள்ளிபுள்ளியாகச் 'செல்லம்' என்று பேர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடையில் வாங்கும்போதே உளிவைத்துத் தட்டிக் கொடுப்பார்களே, அந்த மாதிரி. தண்ணீர் வடிந்து, காட்டு மேட்டில் ஏறி நின்றவர்கள் எல்லாம் இறங்கி வந்தபோது, ராஜகுமாரியும் அவள் புருஷன் ராக்கப்பனும் தங்கள் வீட்டைத் தேடினார்கள். ஐந்தாம் கிலோமீட்டரில் ரெட் ஆயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஆட்களுக்கென்று இருந்த லயன் வீடுகளில் ஒன்று அது. வீடு இல்லை. வீடு இருந்த இடத்தில் இந்தக் குடம் நிமிர்ந்து நின்றது, கழுத்துவரை தண்ணீரோடு. அவர்களுடைய மூன்று வயது மகள் அலமுவைத் தண்ணீர் கொண்டுபோயிருந்தது. ராக்கப்பன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டுதான் ஓடினான். அவன் தோளிலிருந்துதான் போனாள். உடல் கிடைக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை.

இருவரும் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள். குடத்துக்காரியும் தண்ணீரில் போனவள்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வழியில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவளின் பாத்திரம் வீட்டுக்கு வந்துவிட்டால் அதில் சும்மா புழங்கக் கூடாது, பாத்திரக்காரிக்குச் சோறு வைக்க வேண்டும். டின் ஷெல்டரில் முதல் அமாவாசைக்கு ராஜகுமாரி நிவாரண அரிசியைப் பொங்கி, குடத்தின் முன்னால் ஒரு பிடி வைத்தாள். அன்றைக்கே கனவு வந்தது என்பாள். ஒரு பொம்பளை இடுப்பில் குடம் வைத்துக்கொண்டு கடலோரமாக நடக்கிறாள். அவளுடைய மற்ற கையின் விரலைப் பிடித்துக்கொண்டு அலமு நடக்கிறாள். பொம்பளையின் முகம் தெரியவில்லை. அலமுவின் கவுன் காய்ந்திருந்தது. அது காய்ந்திருந்ததைச் சொல்லும்போது ராஜகுமாரியின் முகத்தில் வரும் நிம்மதியைப் பார்த்தவர்கள் பிறகு அவளிடம் வாதம் பண்ண மாட்டார்கள்.

அன்றிலிருந்து செல்லம் அந்த வீட்டுச் சாமி. குடத்தைப் புளிபோட்டு விளக்கி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நல்ல தண்ணீர் நிறைத்து, பிறகு ஊருக்குள் கிடைத்த வீட்டின் உள்ளறையில் பலகைமேல் வைத்திருப்பாள். வருஷ நாளுக்குப் புடவை எடுத்து மடித்து வைப்பாள். செல்லம் மீன் தின்கிறவளா, சைவமா என்று தெரியாததால் இரண்டு இலை போடுவாள். ஒன்றில் கோக்காரி மீன் குழம்பு, இன்னொன்றில் பருப்பும் கீரையும்.

"தாயி செல்லம்மா, நீ தின்னுட்டு எம்புள்ளைக்கு ஊட்டு. முள்ளு பாத்துக் குடு, அவளுக்கு முழுங்கத் தெரியாது" என்று கும்பிடுவாள். வருஷத்துக்கு வருஷம் இதே வார்த்தைதான்.

ஊர் இந்த மாதிரி விஷயத்தைச் சும்மா விடுமா? பக்கத்து வீடுகளில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் குடத்துத் தண்ணீர் வாங்கிப் போய்க் கொடுத்தார்கள். மண்டல் வீட்டுப் பெங்காலிக்காரி, மருமகளுக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்ததென்று குடத்தின் கழுத்துக்கு வளையல் கோத்துப் போட்டாள். 'செல்லம் மா' என்பாள் அவள். காளியோடு சேர்த்துச் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் அந்த வீட்டில் இருப்பது சுலபமில்லை. குடத்தில் நிறைத்த தண்ணீர் விடிந்தால் இரண்டு விரல் குறைந்திருக்கும். உடம்பில் ஓட்டை எதுவும் கிடையாது, நாங்களே பார்த்திருக்கிறோம். வாடைக் காற்று அடிக்கும் மாதங்களில், ஜன்னலைத் திறந்துவைத்தால் குடத்தின் வாய் முனகும். கீழே சாய்ந்து கிடக்கிற யாரோ மூச்சுவிட முயல்வதுபோல இருக்கும். ராக்கப்பன் அந்தச் சத்தத்துக்குப் பயந்தான். ஆறடிக்கு மேல் உயரம், செம்பனைக் குலையை நீளக் கம்புக் கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்துத் தள்ளிய ஆள், ஒரு குடத்துக்குப் பயந்து வெளித் தாழ்வாரத்தில் சாப்பிட்டான், அங்கேயே படுத்தான். மகள் பேரை அவன் வாயால் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

தோட்டம் ஓய்ந்தபின் அவன் தேங்காய் உரிக்கப் போனான். டீச்சர் அவனைத் தேடிப் போனது அங்கேதான். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. ராக்கப்பன் நட்டுவைத்த பாரையில் தேங்காயைக் குத்தித் திருகி, மட்டையைப் பிளந்து எறிந்துகொண்டிருந்தான்.

"ராக்கப்பண்ணே, உங்க வீட்டுக் குடம் ஒண்ணுதான் பாக்கி."

"அது சாமி, டீச்சர்."

"சாமியாவே இருக்கட்டும். ரெண்டு நாளைக்கு வந்து இருந்துட்டுப் போகட்டுமே. ஊர்ச் சனம் பாக்கும்."

"அவகிட்டக் கேளுங்க."

"கேட்டேன். வெளிய போன்னுட்டாங்க."

ராக்கப்பன் இன்னும் இரண்டு காயை உரித்தான். பிறகு பாரையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ரெண்டு நாளைக்கின்னா வேணாம் டீச்சர். ஒரேயடியா வச்சுக்கிறதா இருந்தாச் சொல்லுங்க, நானே கொண்டாந்து தாரேன்."

"ஒரேயடியாவா? அவங்க சம்மதிப்பாங்களா?"

"சம்மதிக்க மாட்டா. நான் கொண்டாருவேன். என்னால முடியல டீச்சர். இந்தக் காத்து மாசம் வந்துட்டா, அது கூப்புடுற மாதிரியே இருக்கு. அவளுக்கு அது நல்லதாக் கேக்குது. எனக்கு அப்புடிக் கேக்கல."

டீச்சர் வேண்டாமென்று சொல்லியிருக்கலாம். கண்காட்சியில் நடு மேசை காலியாக இருந்தது. ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ராக்கப்பன் மனைவியிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். நாலரைக்கே பொழுது சாய்கிற மாதம். ராஜகுமாரி விளக்கைப் போட்டுக்கொண்டு கூலிக்குப் பாக்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாச் சாமானும் அங்கதான இருக்கப் போவுது? பூட்டுப் போட்ட ரூமு. லைட்டு இருக்கு. நம்ம வீட்டவிட நல்லாத்தான் இருக்கும்."

"எதப் பத்திப் பேசுறீங்க?"

"குடத்த."

ராஜகுமாரி கத்தியைக் கீழே வைத்தாள். "அவளுக்கு இந்த வீட்டு வழி அந்தக் குடத்த வச்சுத்தான் தெரியும். குடம் இங்க இல்லாட்டி அவ இங்க வர மாட்டா. அவ வரலன்னா எம்புள்ளையும் வராது. அதுக்குத் தனியா வரத் தெரியுமா? மூணு வயசுப் புள்ள."

"இன்னமும் மூணு வயசா?"

"அப்ப எத்தன வயசுன்னு நீங்க சொல்லுங்க. சொல்லுங்களேன்."

ராக்கப்பன் எழுந்துகொண்டான். தாழ்வாரத்துக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

இருபத்தாறாம் தேதி காலையில் ராஜகுமாரி மீன் வாங்க ஜெட்டிக்குக் கிளம்பினாள். படகுகள் கரையேறும்வரை காத்திருந்து கோக்காரி பார்த்து வாங்குவது அவள் வழக்கம், ஐஸ் மீனைச் சாமிக்கு வைக்க மாட்டாள். அவள் போன பிறகு ராக்கப்பன் உள்ளறைக்குள் போனான். குடத்துத் தண்ணீரை முருங்கை மரத்தடியில் ஊற்றினான். வளையல்களைக் கழற்றிப் பலகைமேல் வைத்தான். பெட்ஷீட்டில் குடத்தைச் சுற்றி, மண்டல் மகனின் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான்.

மியூசியத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. சமோசா இருக்கிறது என்று செய்தி பரவியிருந்தது. தலைமை விருந்தினர் வரவேண்டிய ஹெலிகாப்டர் மேகத்தால் கிளம்பவில்லை, அதனால் பேச்சு இல்லை. எங்களுக்கு அதில் வருத்தமும் இல்லை. ஒரு மேசையில் ஒற்றைச் செருப்பு. ஒரு மேசையில் முள் நின்றுபோன சுவர்க் கடிகாரம். தெலுங்குக்காரர் ஒருவர் ஹார்மோனியம் கொண்டுவந்திருந்தார்; அவருக்குப் பாட்டும் தெரியாது, இத்தனை வருஷமாக அதைத் துடைத்து மட்டும் வைத்திருந்தார். முதலில் எல்லோரும் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். மேசைகளைப் பார்க்கப் பார்க்கக் குரல் தாழ்ந்தது. ஒவ்வொரு சாமானையும் ஒரு கை கடைசியாகத் தொட்டிருக்கும் என்பது எங்களுக்கு அங்கேதான் உறைத்தது. ஒருத்தி அந்தச் செருப்பை எடுத்துத் தன் காலோடு வைத்துப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வெளியே போய் மழையில் நின்றாள்.

நடு மேசையில் குடம். அதன் பக்கத்தில் டீச்சர் அட்டையில் எழுதி வைத்திருந்தார்: 'செல்லம் என்பவரின் குடம். இவர் சுனாமியில் உயிரிழந்தார்.'

முந்தின நாள் கப்பலில் போர்ட் பிளேயரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. சுனாமிக்கு முன்னால் ஜெட்டிக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்த பாலசுப்பிரமணியத்தின் மனைவியும் மகனும். பாலு கடை என்றால் தீவு முழுக்கத் தெரியும். தண்ணீர் கடையை எடுத்துக்கொண்டுபோன பிறகு அவர்கள் பிளேயருக்குக் கப்பலேறி, அங்கே லம்பா லைன் பகுதியில் தங்கிவிட்டார்கள். பாலு இறந்து நாலைந்து வருஷம் இருக்கும். கடையின் பழைய தராசு மியூசியத்துக்கு வேண்டும் என்று டீச்சர் போனில் கேட்டு அவர்களை வரவழைத்திருந்தார்.

பாலு கடைக்கார அம்மாவுக்கு முட்டி வலி. மகன் அருண்பிரசாத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாகப் பார்த்து வந்தவர், நடு மேசைக்கு வந்ததும் மகனின் தோளை விட்டார்.

"எய்யா அருணு! இங்க வாயேன். நம்ம கொடம்லா இது!"

"எந்தக் குடம்மா?"

"எங்கப்பா எனக்குச் சீராக் குடுத்த கொடம்டா. தின்னவேலியில பாத்திரக் கடையில என்னையும் கூட்டிட்டுப் போயி, என் கண்ணு முன்னாலதான் பேரு வெட்டுனாவ. இந்தா பாரு, செல்லம்னு இருக்கா?"

அருண்பிரசாத் குடத்தைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் இருந்த அட்டையைப் படித்தான். அவன் முகம் மாறியது. அம்மா படிப்பதற்குள் அட்டையைக் கவிழ்த்துவைத்தான்.

ஆனால் கூட்டம் கேட்டுவிட்டது. மண்டல் வீட்டுக்காரி "ஹே மா!" என்று சொல்லி வாயைப் பொத்தினாள். சுவரோரம் நின்றிருந்த ராக்கப்பன் கையிலிருந்த டீ அவன் காலில் கொட்டியது, அவன் காலை நகர்த்தவில்லை. எங்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பாலு என்ற பேர் தெரியும், பாலு கடை தெரியும், அந்தக் கடையில் அரிசி அளந்து போட்ட அம்மாவின் முகமும் தெரியும். அந்த அம்மாவுக்கு ஒரு பேர் இருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை. நாங்கள் எல்லோரும் 'கடைக்காரம்மா' என்று கூப்பிட்டுவிட்டு, அவர் பேரைக் குடத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம்.

அந்த நேரம் பார்த்து ராஜகுமாரி உள்ளே வந்தாள். வீட்டுக்குப் போய்ப் பலகை காலியாக இருப்பதைப் பார்த்தவள், மீன் பையைக் கூடக் கீழே வைக்காமல் திரும்பி வந்திருந்தாள். தலை நனைந்து ஒட்டியிருந்தது. நேராக நடு மேசைக்குப் போனாள். குடத்தின்மேல் இன்னொரு பொம்பளையின் கை இருந்தது.

"கைய எடுங்க. அது செல்லம்மா குடம்."

"ஆமாம்மா, என் கொடந்தான். நான்தான் செல்லம்" என்றார் அவர் சிரித்துக்கொண்டே.

ராஜகுமாரி அவர் முகத்தைப் பார்த்தாள். கடைக்காரம்மா என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கனவில் தெரியாமலிருந்த முகம் அது. வயசாகி, கண்ணாடி போட்டு, உயிரோடு நின்றது.

"நீ சாகலையா?" என்றாள்.

கும்பிடுகிற சாமியை 'நீ' என்றுதானே சொல்வோம். அந்தப் பழக்கத்தில் வந்த வார்த்தை. அருண்பிரசாத்துக்கு அது தெரியுமா? "என்ன பேச்சு பேசறீங்க? பாகல் ஹை க்யா, பைத்தியமா?" என்று பாய்ந்தான்.

ராஜகுமாரி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"சாகலையா நீ? அன்னைக்குத் தண்ணில போகலையா?"

"இல்லம்மா. கொடம்லாம் போச்சு. நாங்க தண்ணித் தொட்டி மேல ஏறி நின்னு தப்பிச்சோம். ஏன்? என்னத்துக்குக் கேக்க?"

"அப்ப எம்புள்ள யார்கூட இருக்கா?"

தகரத்தில் மழை விழுந்த சத்தம் கேட்டது.

"இத்தன வருசமா அவ தனியாவா இருக்கா?" என்றாள் ராஜகுமாரி. அவள் கத்தவில்லை. குடத்தையும் எடுக்கவில்லை. மீன் பையோடு வெளியே போய், மழையில் நடந்து போனாள்.

செல்லம் திகைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ராக்கப்பன் வந்து அவர் முன்னால் தரையில் குந்தினான். தேங்காய் உரித்துக் காய்த்துப்போன கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். குடம் நின்ற இடம், அமாவாசைச் சோறு, கனவு, இரண்டு இலை, எதையும் விடவில்லை. இருபது வருஷத்தில் அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

செல்லத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. வராமல் இருக்குமா?

"உசுரோட இருக்கவளுக்குத் திதியா குடுத்தீய? எம்மா! எனக்குச் சுகர் வந்ததும், முட்டு தேஞ்சதும், எங்க வீட்டு அவுக திடீர்னு போனதும், எல்லாம் இதனாலதானா? யாரக் கேட்டு எனக்குப் படையல் போட்டீய?"

"தெரியாதும்மா. செத்துட்டீங்கன்னு நெனச்சுட்டோம்."

"நெனப்பீய. நல்லா நெனப்பீய."

"அம்மா, கிளம்பு. குடத்தை எடுத்துக்கிட்டுப் போய்க் கடல்ல போட்ருவோம். கோயில்ல ஒரு அர்ச்சனை பண்ணிக்கலாம்" என்றான் அருண்பிரசாத்.

செல்லம் எழுந்திருக்கவில்லை. குடத்தின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது பளபளவென்று இருந்தது. அவரிடம் இருந்த காலத்தில் கூட அது அப்படி இருந்திருக்காது. விளிம்பில் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது.

"புள்ள பேரு என்ன?" என்று கேட்டார்.

ராக்கப்பன் வாயைத் திறந்தான். வரவில்லை. டீச்சர்தான் சொன்னார், "அலமு."

"எங்க கடைக்கு வந்திருக்காளோ?"

"அரிசி வாங்க வரும்போது கூட்டியாருவோம்."

"எத்தனையோ பிள்ளைய வரும். எனக்கு ஞாபகம் இல்லய்யா. பொய் சொல்லக் கூடாது." பிறகு கேட்டார், "வீடு எங்க?"

"அம்மா!"

"நீ சும்மா இரு அருணு. எங்க வீட்டு அவுக போனப்ப நான் மூஞ்சியப் பாத்தேன். வாயில அரிசி போட்டேன். எல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சேன். அந்தப் பிள்ளைக்கு அது எதுவுமே கிடைக்கலடா. கொடத்தத் தூக்கு."

அப்படித்தான் செல்லம் அந்த வீட்டுக்குப் போனார். ஆட்டோவில் டீச்சரும் ஏறிக்கொண்டார். நாங்கள் சில பேர் பின்னாலேயே நடந்து போய் வேலியோரம் நின்றோம். போயிருக்கக் கூடாதுதான், மனசு கேட்கவில்லை.

ராஜகுமாரி அடுப்படியில் இருந்தாள். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. என்ன நடந்தாலும் கை வழக்கப்படி செய்துகொண்டே போயிருக்கிறது. இரண்டு இலை போட்டிருந்தது. இலைகளுக்கு முன்னால் பலகை காலியாக இருந்தது. செல்லம் குடத்தைப் பலகைமேல் வைக்கச் சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார், இலைக்கு முன்னால்.

வாசலில் நின்ற அருண்பிரசாத், "செத்தவங்களுக்குப் போட்ட இலைம்மா அது, சாப்பிடாதே" என்று கெஞ்சினான்.

"எனக்குப் போட்ட இலதானல. வேற யாரு திம்பா?" என்றார் செல்லம். பிறகு உள்ளே பார்த்து, "ஏட்டி, நான் மீன் தின்பேன். கீர இலைய எடுத்துரு" என்றார்.

ராஜகுமாரி அடுப்படி நிலையில் வந்து நின்றாள். கீரை இலையை எடுத்து ஓரமாக வைத்தாள். சோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். துண்டு மீனை வைத்தாள். செல்லம் மீனைக் கையில் எடுத்துக் கண்ணாடிக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இலையில் போட்டார்.

"முள்ளு தெரிய மாட்டேங்கு. கண்ணு ஆப்பரேசன் பண்ணணும்னு சொல்லுதாவ."

ராஜகுமாரி பக்கத்தில் உட்கார்ந்தாள். மீனைப் பிட்டு, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சதையைச் சோற்றின்மேல் வைத்தாள். செல்லம் சாப்பிட்டார். அவருக்கும் பயம்தான். தன் பேரில் இத்தனை வருஷம் செத்துப்போயிருந்த இன்னொருத்தி அந்த அறையில் எங்கோ உட்கார்ந்து தன்னைப் பார்ப்பதுபோல இருந்தது என்று பிற்பாடு டீச்சரிடம் சொன்னாராம்.

"நல்லா இருக்கு. இந்தக் கொழம்பையா எனக்கு வருசா வருசம் வச்ச?"

"ஆமா."

"நான் தின்னதில்லையே. யாரு தின்னா?"

"தெரியல" என்றாள் ராஜகுமாரி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "யாரும் இல்ல போல. அவ பசியோடதான் இருந்திருக்கா. நான் உன்ன நம்பி விட்டுட்டேன். உன்கிட்ட இருக்கான்னு நெனச்சு நான் தூங்கிட்டேன். இத்தன வருசம் தூங்கிட்டேன் தாயி."

செல்லம் தண்ணீர் குடித்தார்.

"இங்க பாரு. அழாத. சொல்லுதத மட்டும் கேளு. எனக்கு என்ன வயசுன்னு நெனைக்க? அறுபத்தெட்டு. சுகரு. நெஞ்சுல ஒரு அடைப்பு இருக்கு, டாக்டரு குழாய் வைக்கணும்கான். நான் இன்னும் எத்தன நாளைக்கு? உனக்கு முன்னால போயிருவேன். போனா அங்கன அவளத் தேடுதேன். தேடிப் பிடிச்சு, நீ நெனச்ச மாதிரியே கையில பிடிச்சுக்கிடுதேன். சரியா?"

ராஜகுமாரி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெளையாட்டுக்குச் சொல்லல. உன் வீட்டுச் சோறு தின்னுட்டுச் சொல்லுதேன். அடையாளம் சொல்லு. என்ன உடுப்பு போட்டிருந்தா?"

"பச்சக் கவுனு. முன்னால ரெண்டு பை வச்சது."

"மூணு வயசுல? இப்ப வளந்திருப்பாளா, அப்படியேதான் இருப்பாளாட்டி? வளந்துட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"வளந்திருக்க மாட்டா" என்றாள் ராஜகுமாரி அவசரமாக. பிறகு, "வளந்திருப்பாளோ?" என்றாள்.

"சரி, ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு சொல்லு. மூஞ்சி எப்படி இருக்கும்? உன் சாடையா?"

ராஜகுமாரி சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டில் அலமுவின் படம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் தண்ணீரில் போனது.

"மூஞ்சி வர மாட்டேங்குதுக்கா" என்றாள். முதல் தடவையாக அவரை 'அக்கா' என்றாள். "கவுனு வருது, கொலுசு வருது. மூஞ்சி வர மாட்டேங்குது. நான் என்னாத்தச் சொல்லி உங்கள அனுப்புவேன்?"

ராக்கப்பன் அப்போது தாழ்வாரத்தில் இருந்தான். உள்ளே காலெடுத்து வைத்தான். அந்த அறைக்குள் குடம் இருக்கும்போது அவன் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. பலகைக்கு எதிரே, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அலமுவுக்கு வலது காதுக்குப் பின்னால ஒரு மச்சம்" என்றான். "மொளகு அளவு இருக்கும். தோள்ல சாஞ்சு தூங்கயில என் கண்ணுக்குக் கிட்டத்துல தெரியும். அன்னைக்கும் கடைசியா அதத்தான் பாத்தேன். அது வளந்தாலும் மாறாதும்மா."

"எந்தக் காதுன்னு சொன்ன?"

"வலது."

செல்லம் சோற்றுக் கையை இலைமேல் வைத்துக்கொண்டு, இடது கையை எடுத்துத் தன் வலது காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். இடம் ஞாபகம் இருக்க வேண்டுமே என்று மறுபடியும் ஒரு தடவை தடவிக்கொண்டார்.